கீழ் வகுப்புகளில் வகுப்பிதழ்

தமிழாசிரியர்கள் எல்லார்க்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் 'என் பள்ளி' என்னும் தலைப்பைக் கொடுத்து, ஐந்து வாக்கியம் எழுதச் சொல்கிறோம். அரைமணி நேரத்தில் புத்தகங்கள் மேசைக்கு வருகின்றன. முதற் புத்தகத்தைத் திறந்தால், 'என் பள்ளி அழகான பள்ளி' என்றிருக்கின்றது. இரண்டாவதிலும் அதுவே, பதினோராவதிலும் அதுவே. எழுத்துப்பிழை மிகுதியாக இல்லை. கையெழுத்தும் குற்றம் சொல்லும்படி இல்லை. ஆயினும் பதினொரு புத்தகங்களையும் படித்து முடித்த பின்னர், எது எந்தக் குழந்தையுடையது என்று அட்டையைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை.

அதே குழந்தைகள் இடைவேளை மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் என்ன பேசுகிறார்கள் என்று செவிகொடுத்துப் பாருங்கள். முதல்நாள் மாலை லயத்துக்குப் பின்னால் உடும்பு வந்ததை ஒருவன் சொல்கிறான். வீட்டு நாய் ஆறு குட்டி போட்டதையும், அவற்றுள் ஒன்று கண் திறவாமலே இறந்ததையும் ஒருத்தி சொல்கிறாள். தொடக்கம் இருக்கின்றது, முடிவு இருக்கின்றது, கேட்பவனை நகரவிடாத சுவையும் இருக்கின்றது. இவ்வளவு வளமான பேச்சு பென்சில் முனைக்கு வரும்போது எங்கே போய்விடுகின்றது?

சொற்பஞ்சமே காரணம் என்று கூறுவது நம்மிடையே வழக்கம். நானும் பல்லாண்டுக் காலம் அவ்வாறே எண்ணி, சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்வித்து வந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. குழந்தையின் பேச்சுக்குக் கேட்பவர் இருக்கின்றனர். கேட்பவர் முகத்தைப் பார்த்தே அது பேசுகின்றது. எழுத்துக்கோ ஆசிரியர் ஒருவரே இருக்கின்றார். அவரும் செய்தி அறியப் படிப்பவரல்லர்; சிவப்பு மை கொண்டு பிழை தேடிப் படிப்பவர். பள்ளி அழகானதா இல்லையா என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆகவே, பிழை வராத சொல்லை மட்டும் எழுதுவதே நலம் என்ற முடிவுக்குக் குழந்தை வந்துவிடுகின்றது. அந்த முடிவைப் பேதைமை என்று நாம் சொல்ல முடியாது.

படிப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடித் தருவதற்கு நான் கண்ட எளிய வழி வகுப்பிதழ். ஒரு வகுப்பின் குழந்தைகள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி, திருத்தி, ஒரு தாளில் சேர்த்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளியிடுவதுதான் அது. ஒரு படி சுவரில் ஒட்டப்படும். மற்றவை வீடுகளுக்குப் போகும்.

இஃது எனது கண்டுபிடிப்பன்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே பிரான்சு நாட்டின் சிற்றூர்ப் பள்ளியாசிரியர் ஒருவர் இதனைச் செய்து காட்டினார். செலெஸ்தேன் பிரெனே என்பது அவர் பெயர். 1896இல் பிறந்த அவர், முதல் உலகப் போரில் மார்பில் குண்டு பாய்ந்து நுரையீரல் கெட்டுத் திரும்பினார். 1920இல் பார்-சுர்-லூ என்னும் மலைச்சரிவு ஊரில் ஆசிரியரானார். நீண்ட நேரம் உரத்துப் பேச அவரால் இயலவில்லை. பேச முடியாத ஆசிரியர் சிறு பிள்ளைகளின் வகுப்பை எங்ஙனம் நடத்துவது? பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். ஊரையும் வயலையும் தொழில் செய்வோரையும் காட்டினார். திரும்பி வந்ததும் பிள்ளைகள் தாம் கண்டதைச் சொன்னார்கள். அவர் கரும்பலகையில் எழுதினார். அதுவே அன்றைய வாசிப்புப் பாடமாயிற்று. ஆனால் கரும்பலகையில் எழுதியது மாலையில் அழிந்துவிடும் அன்றோ? அதனை நிலைக்கச் செய்ய, 1920களின் நடுவில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தனர்; மை தடவினர்; தாளை எடுத்தனர். எழுத்துக்கூட்டல் என்பது கண்ணுக்கு மட்டுமன்றி விரலுக்கும் உரிய வேலையாயிற்று.

1926இல் அவர்க்கு ஒரு துணை கிடைத்தது. பிரான்சின் மேற்குக் கோடியில் பிரெத்தாஞ் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த திரேகுங்க் என்னும் ஊரில், ரெனே தானியேல் என்ற ஆசிரியர் தம் வகுப்பிலும் அச்சுப்பொறி வைத்தார். இரு வகுப்புகளும் தத்தம் தாள்களை அஞ்சலில் பரிமாறிக்கொண்டன. மலைப் பிள்ளைகள் கடலைப் பற்றியும் கடற்கரைப் பிள்ளைகள் மலையைப் பற்றியும், தம் வயதொத்தவர் எழுதப் படித்தனர். நாட்டின் மறுகோடியில் தம் எழுத்தை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற அறிவு அவ்வகுப்பு எழுத்தின் தன்மையையே மாற்றியது.

பிரெனேயைப் பின்பற்ற அச்சுப்பொறி தேவை என்று நினைத்து யாரும் பின்வாங்க வேண்டா. நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட தமிழ் அச்சுப்பெட்டியைப் பார்த்தவர்கள் அதை ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கத் துணியமாட்டார்கள். இன்று பள்ளி அலுவலகத்தில் நகல் பொறி இருக்கின்றது. சுவருக்கு ஒரு மாஜோங் தாள்; வீட்டுக்கு, இரண்டாக மடித்து நான்கு பக்கமாக்கிய வெள்ளைத் தாள் ஒன்று. செலவு இவ்வளவே.

நம் நாட்டுத் தமிழ் இதழ்களும் இவ்வுண்மையை அறிந்தே இருந்தன. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', 1950களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை நடத்தியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த மாணவர்கள் அதற்கு எழுதினர். அவருள் பலர் பின்னாளில் எழுத்தாளராயினர். ஆனால் நாளிதழுக்கு எழுதும் வயது வேறு. முதலாம் ஆண்டில் எழுத்துக் கற்கும் வயது வேறு. சின்னஞ்சிறு குழந்தைக்கு உலகம் லயமும் பள்ளியும் பள்ளிக்கு வரும் வழியுமே. அதன் இதழும் அந்த அளவினதாகவே இருத்தல் வேண்டும்.

இனி, இதனைச் செய்யும் முறைக்கு வருவோம்.

முதலாம் ஆண்டுக் குழந்தையை எழுதச் சொல்லித் தொடங்கலாகாது. தமிழ் எழுத்துகள் 247. அவற்றின் அமைப்பைக் கற்றுக்கொண்டிருக்கும் கை, வாய் ஓடும் வேகத்தில் ஓடாது. கை சோர்வதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். ஆகவே குழந்தை சொல்ல, ஆசிரியர் எழுத வேண்டும். குழந்தை முதலில் ஒரு படம் வரையட்டும். 'இது என்ன?' என்று கேட்டு, அது சொல்லும் ஒரு வாக்கியத்தைப் படத்தின் கீழ் எழுதிக் கொடுக்கலாம். குழந்தை அதன்மேல் விரல் வைத்துப் படிக்கும். பிறகு பார்த்து எழுதும். நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்னும் ஆசிரியை, இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஒவ்வொரு குழந்தையும் தனக்கு வேண்டிய ஒரு சொல்லைக் கேட்கும். அவர் அதை அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் அக்குழந்தைக்கு அந்தச் சொல் அடையாளம் தெரியாவிட்டால் அட்டையை எறிந்துவிடுவார். அது குழந்தையின் உள்ளத்திலிருந்து வந்த சொல்லன்று என்பது அவர் கொள்கை. அன்பையும் அச்சத்தையும் தொடும் சொற்கள் ஒருமுறை பார்த்ததுமே மனத்தில் நின்றன என்று 1963இல் வெளியிட்ட தம் நூலில் அவர் விளக்கியிருக்கின்றார். என் பள்ளியிலும் 'அம்மா'வை எழுதத் திணறிய சிறுவன், 'மோட்டார் சைக்கிள்' என்பதை இரண்டே நாளில் எழுதினான். ஒற்றும் நெடிலும் நிறைந்த அந்தச் சொல்லை எந்தப் பாடநூலாசிரியரும் முதற்பாடமாக வைக்கமாட்டார்.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கு மட்டும் உரிய இடையூறு ஒன்று எழுகின்றது. 'நேத்து எங்க வூட்டு நாயி குட்டி போட்டுச்சு' என்று குழந்தை சொல்கின்றது. ஆசிரியர் எதை எழுதுவது? சொன்னபடியே எழுதினால் எழுத்து வழக்கைக் கற்பிப்பது எப்போது? 'நேற்று எங்கள் வீட்டு நாய் குட்டி ஈன்றது' என்று எழுதினால், அது குழந்தையின் வாக்கியமா, ஆசிரியர் வாக்கியமா? பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். என் வழக்கம் இது: சொன்ன சொல்லை மாற்றுவதில்லை, சொல்லின் வடிவத்தை மட்டும் மாற்றுவேன். 'நேற்று எங்கள் வீட்டு நாய் குட்டி போட்டது' என்று எழுதுவேன். 'ஈன்றது' தானாக வரும் காலம் வரும். எழுதும்போது இரண்டு வடிவத்தையும் வாய்விட்டுச் சொல்வேன். ஒரு மாதத்துக்குள் குழந்தைகளே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பாட்டியோ தாத்தாவோ சொன்ன பேச்சு இடையில் வந்தால், மேற்கோள் குறிக்குள் அதை அப்படியே விட்டுவிடுவேன். பாட்டியைத் திருத்துவதற்கு நாம் யார்? 'பாசார் மாலாம்' என்று எழுதி வந்தால், 'இரவுச் சந்தை' என்றும் சொல்லலாமே என்று ஒருமுறை சொல்வேன். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் குழந்தைகள் தாமே எழுதுவர். அப்போது பிழை பெருகும். பிழையோடு ஒட்டுவதா, திருத்தி ஒட்டுவதா என்பதில் ஆசிரியரிடையே கருத்து வேற்றுமை உண்டு. குழந்தையின் எழுத்தைத் தொட்டால் ஆர்வம் கெடும் என்பார் ஒரு சாரார். நான் அவர் கட்சியல்லேன், பிரெனேயும் அல்லர். அவர் வகுப்பில், பிள்ளைகள் கொணர்ந்த எழுத்துகளுள் ஒன்றை வகுப்பே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். அதைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து திருத்திய பின்னரே அச்சுக்குப் போகும். திருத்தம் இருந்தது, ஆனால் அது தண்டனையாக இருக்கவில்லை.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். மகன் எழுதினான்: 'என் அப்பா தினமும் கொலை வெட்டப் போவார். அந்தக் கத்திக்கு நீளமான கழி உண்டு. அதை என்னால் தூக்க முடியாது.' வெண்பலகையில் அதை அப்படியே எழுதி வைத்தேன். ஒரு சிறுமி உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும், 'சார், போலீஸ் வந்துடும்!' என்றாள். வகுப்பே சிரித்தது, எழுதியவனும் சேர்ந்து சிரித்தான். பேச்சில் 'குலை' என்பது 'கொலை' ஆவதும், 'குடை' என்பது 'கொடை' ஆவதும், 'இலை' என்பது 'எலை' ஆவதும் நாம் அறிந்தவையே. அடுத்து ஐகாரம் வரும்போது முன்னுள்ள உகரம் ஒகரமாகவும் இகரம் எகரமாகவும் ஒலிப்பது தமிழர் நாவின் இயல்பு. குழந்தை செவி கேட்டதைக் கை எழுதிற்று, அவ்வளவே. இதே பிழையை நான் சிவப்பு மையால் எத்தனையோ முறை வட்டமிட்டிருக்கிறேன். பயன் கண்டதில்லை. அன்று சிரித்த பின்னர், அவ்வகுப்பில் யாரும் குலையைக் கொலையாக்கவில்லை. அதுமட்டுமன்று, 'வேறு எந்தச் சொல் இப்படி மாறும்?' என்று அவர்களே தேடி, 'விலை', 'உடை' என்று எனக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். எழுத்துக்கூட்டல் ஆசிரியர்க்காகச் செய்யும் வேலையன்று, படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ளாதிருக்கச் செய்வது என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று வாக்கியங்களில் மற்றொன்றையும் கவனியுங்கள். 'அதை என்னால் தூக்க முடியாது.' இதனை எந்த மாதிரிக் கட்டுரையிலும் காண முடியாது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், மாதிரிக் கட்டுரைகளின் நிழல் இரண்டாம் ஆண்டு வரையில் விழுந்து கிடந்தது. அத்தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. நிழல் முற்றும் அகன்றதாகச் சொல்ல முடியாது. எனினும், முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்க்கு இடம் முன்னிலும் மிகுதி.

வகுப்பிதழை நல்ல கையெழுத்துடைய மூவர் பிடித்துக்கொள்வது இயல்பு. அதைத் தடுக்க முறை வைப்பதே வழி. ஒவ்வோர் இதழிலும் யார் யார் எழுத வேண்டும் என்பதைப் பெயர்ப் பட்டியலே முடிவு செய்யட்டும். இன்னொரு கேடு, அதிகாரிகள் வருகையின்போது ஆசிரியரே இரவெல்லாம் விழித்து அலங்காரப் பலகை செய்து, கீழே மாணவர் பெயரை எழுதுவது. அதனைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நாம் எல்லாரும் செய்திருக்கிறோம்.

ஆனால், சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. அது என் பிழை.

இதழ் தொடங்கிய முதல் ஆண்டில், எது வந்தாலும் சுவரில் ஒட்டுவது என்ற உற்சாகத்தில் இருந்தேன். இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, அப்பா குடித்துவிட்டு வந்ததையும், அம்மா பின்கட்டில் அமர்ந்து அழுததையும், தான் தம்பியின் காதைப் பொத்திக்கொண்டதையும் நான்கு வாக்கியங்களில் எழுதினாள். பிழையே இல்லை. இவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாளே என்ற மகிழ்ச்சியில் அதைத் தாளின் நடுவில் ஒட்டினேன். தோட்டப் பள்ளியின் சுவர் என்பது லயத்தின் சுவரேயாகும். பிள்ளையை அழைத்துப்போக வருபவரெல்லாரும் அங்கே நிற்பர். மூன்றாம் நாள் அச்சிறுமியின் தாயார் வந்தார். தாளின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம், 'சார், இத எல்லாரும் படிச்சிருப்பாங்களா?' என்று மட்டும் கேட்டார். நான் தாளை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? படித்தவர் படித்துவிட்டனர். அந்தச் சிறுமி அவ்வாண்டு முடியும்வரை மழையைப் பற்றியும் பூவைப் பற்றியும் மட்டுமே எழுதினாள்.

எழுத்துக்குப் படிப்பவர் வேண்டும் என்றேன். எல்லா எழுத்துக்கும் எல்லாரும் படிப்பவராதல் வேண்டா என்பதை அந்தத் தாயாரிடம் கற்றேன். பிரெனேயும் இவ்வகையில் துன்புற்றவரே. 1928இல் சென்-போல்-தெ-வான்ஸ் என்னும் ஊருக்கு அவர் மாறினார். அங்கே ஒரு சிறுவன், ஊர்த்தலைவரைக் கத்தியால் குத்துவதாகத் தான் கண்ட கனவை எழுத, அது வகுப்பில் அச்சாயிற்று. 1932இல் அவருடைய எதிரிகள் அந்த எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்மீது பெருங்கிளர்ச்சி செய்தனர். முடிவில் அவர் அரசுப் பள்ளியை விட்டு நீங்கி, வான்ஸ் நகரில் சொந்தப் பள்ளி அமைத்தார். அவர் கதையில் துன்புற்றவர் ஆசிரியர். என் கதையில் குழந்தை. இரண்டாவதே கொடிது.

இப்போது என் வகுப்பில் ஒரு பெட்டி இருக்கின்றது. எழுதி முடித்த ஒவ்வொரு குழந்தையிடமும், 'சுவருக்கா, பெட்டிக்கா?' என்று கேட்பேன். பெட்டிக்குள் போவதை நான் மட்டும் படிப்பேன், பிழை திருத்தமாட்டேன், கீழே ஓரிரு வரி பதில் எழுதித் திருப்பித் தருவேன். குழந்தை 'சுவருக்கு' என்று சொன்னாலும், வீட்டாரைப் பற்றிய செய்தியானால் வீட்டாரைக் கேட்காமல் ஒட்டுவதில்லை. ஒரு தாளைப் படிக்கும்போது குழந்தைக்குத் தீங்கு நேர்கின்றது என்ற ஐயம் எழுந்தால், அது இதழைச் சேர்ந்த செய்தியன்று. தலைமையாசிரியர் அன்றைக்கே கவனிக்க வேண்டிய செய்தி. மேலும் ஒன்று: சுவரிதழைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெற்றோரின் புலனக் குழுவில் போடும் பழக்கம் பெருகியிருக்கின்றது. சுவரிலிருந்து தாளை எடுத்துவிடலாம். அந்தப் படத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. வீட்டுக்குத் தாளையே கொடுத்தனுப்புவது நல்லது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருக்கும் வீட்டில், பேரப்பிள்ளை அதை உரக்கப் படிக்கும். படத்தைக் காட்டும் பிள்ளை படிப்பதில்லை.

சென்ற ஆண்டு முதல், கடலோரத்தில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றுடன் இதழ் மாற்றிக்கொள்கிறோம். அஞ்சலில்தான் அனுப்புகிறோம், உறையைத் திறப்பதற்கே முறை வைக்க வேண்டியிருக்கின்றது. அப்பள்ளிப் பிள்ளைகள் வலையையும் நண்டையும் பற்றி எழுதுகிறார்கள். 'செம்பனைக் குலையை எப்படி மேலே ஏறி வெட்டுவார்கள்?' என்று கேட்டிருந்தார்கள். ஏறுவதில்லை, கீழே நின்றே நீண்ட கழியால் வெட்டுவார்கள் என்று அந்தச் சிறுவன் படத்தோடு எழுதி அனுப்பினான். சென்ற வாரம் வந்த இதழில், 'உங்கள் உடும்பு கடிக்குமா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு இன்னும் பதில் போகவில்லை. கடிக்கும் என்பார் நால்வர். கடிக்காது, வாலால் அடிக்கும் என்பார் மூவர். மற்றவர்கள் தாத்தாவைக் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.